கலேவெலச் சந்தைக்குப் போன கரி பஸ்

நான் பார்த்த ஒரே வெளிநாடு, கண்டிச் சீமையில் இருக்கும் மாத்தளை. எங்கள் திருச்சித் தெருவில் ரங்கூன் போய் வந்தவர் இருக்கிறார், சிங்கப்பூரில் கடை வைத்திருந்தவர் இருக்கிறார். அவர்கள் பேசும்போது நானும் சும்மா இருக்க மாட்டேன். "நான் மாத்தளையில் மூன்று வாரம் இருந்தேனாக்கும்" என்பேன். எதற்குப் போனாய் என்பார்கள். பஸ்ஸைக் கரியில் ஓட்ட என்பேன். அதற்கப்புறம் அவர்கள் ரங்கூனை மறந்துவிட்டு என்னைக் கேலி செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

அது யுத்த காலம். பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் எங்கள் ஊரில் பெட்ரோல் மருந்துபோல் ஆகிவிட்டது. நான் வேலை பார்த்த மோட்டார்ப் பட்டறையில், பஸ்ஸின் முதுகில் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைப் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். உருளையில் கரியைக் கொட்டி, அடியில் நெருப்பு மூட்ட வேண்டும். அதிலிருந்து வரும் காஸை வடிகட்டிக் குழாய் வழியாக இஞ்சினுக்கு விட்டால், பெட்ரோல் இல்லாமல் வண்டி ஓடும். ஓடும் என்பது கொஞ்சம் தாராளமான சொல். நகரும்.

மாத்தளையில் ஒரே ஒரு பஸ் வைத்திருந்த சேகு நானா, அதாவது சேகு அண்ணன், எங்கள் முதலாளிக்குக் கடிதம் எழுதி ஆள் கேட்டிருந்தார். முதலாளி என்னை அனுப்பினார். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தலைக்கனம் அந்த இரும்பு உருளையைவிட ஒரு பிடி அதிகம்.

ஸ்டேஷனில் சேகு நானாவே வந்து காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சாரம், வெள்ளைச் சட்டை, தொப்பி. கையில் குடை இருந்தும் தூறலில் நனைந்துகொண்டு நின்றார். குடையை எனக்காகக் கொண்டுவந்தாராம்.

"வாங்க மகன், பசியோட ஈப்பீங்க. முதல்ல சாப்பாடு, பொறகுதான் பஸ்" என்று வீட்டுக்கு அழைத்துப் போனார். 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கி' ஆகிவிடும்.

அரிசி அங்கேயும் பங்கீட்டில்தான். அவர் மனைவி தேங்காய் ரொட்டியும் மிளகாயை இடித்த கட்டைச் சம்பலும் கொடுத்தனுப்பினார். ஒரு வாய் வைத்ததும் கண்ணில் நீர் வந்தது. எங்கள் ஊரில் இத்தனை மிளகாயை ஒரு குடும்பம் ஒரு வாரம் வைத்துக்கொள்ளும். கூடவே தேத்தண்ணி. சர்க்கரைக்குப் பதிலாகக் கித்துள் மரத்துக் கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். காப்பி இல்லாமல் கண் திறக்காத நான் மூன்றாவது நாளே அந்தக் கருப்பட்டிக்கு அடிமையாகிவிட்டேன். இன்றைக்கும் வாயில் அந்தச் சுவை ஊறுகிறது. இங்கே கிடைக்கும் எந்தக் கருப்பட்டியும் அதற்கு ஈடில்லை.

பஸ்ஸைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மரப்பலகையால் கட்டிய உடம்பு, பக்கங்களில் கண்ணாடிக்குப் பதில் கித்தான் திரை, பின்னால் ஒரு வாசல். மாத்தளையிலிருந்து பல்லேபொல வழியாகக் கலேவெல வரை போகும். பெரிய ரோட்டில் கண்டிக்காரர் ஒருவரின் பஸ்கள் வரிசையாக ஓடின. இந்தச் சின்ன ரோட்டுக்கு இது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் சேகு நானா விஷயத்தைச் சொன்னார். இனிமேல் கரியில் ஓடும் வண்டிக்குத்தான் லைசென்ஸ் நீடிக்கும் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. துரை ஒருவர் வந்து, நிறைய ஆளேற்றி ஓட்டிப் பார்ப்பார். வண்டி மேடு ஏறாவிட்டால் இந்த ரோட்டின் லைசென்ஸும் கண்டிக்காரருக்குப் போய்விடும்.

"அவருக்குப் பெரிய ரோட்டுலேயே கூட்டம் ஈக்கி. இந்தப் பக்கம் பஸ்ஸே விட மாட்டார். சனங்க சந்தைக்கு நடந்துதான் போகணும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எங்க வாப்பா மாட்டு வண்டில் வச்சிருந்தவர். நான்தான் அதையெல்லாம் வித்துப்போட்டு இந்த பஸ்ஸ எடுத்தேன். மாடு புல்லுத் திண்டுச்சு மகன். புல்லுக்குக் கப்பல் வேண்டியதில்ல" என்றார்.

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நான் இருக்கேன் நானா, கவலைய விடுங்க" என்றேன். எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

பஸ் டிரைவர் பண்டா சிங்களவர். தமிழ் பேசுவார், ஆனால் வார்த்தைகளை எண்ணி எண்ணித்தான் வெளியே விடுவார். நானும் அவரும் பத்து நாள் உருளையோடு மல்லுக்கட்டினோம். எங்கள் ஊரில் வேலமரக் கரி. இங்கே கொட்டாங்கச்சியைச் சுட்ட சிரட்டைக் கரி. வடிகட்டிக்குத் துணி கிடைக்காமல் தேங்காய் நார்த் தும்பை அடைத்தோம். நெருப்பு மூட்டிக் கைப்பிடி போட்ட விசிறியைக் கால் மணி நேரம் சுற்றினால்தான் காஸ் கிளம்பும். பண்டா சுற்றிக்கொண்டே சிங்களத்தில் ஏதோ முணுமுணுப்பார். என்ன சொல்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். "இஞ்சினுக்கு மரியாதை சொல்லுறது, மேஸ்திரி" என்றார். நடுவில் என் பெயரும் அடிபட்டதை நான் கவனிக்காமல் இல்லை.

பதினோராவது நாள் முதல் ஓட்டம். சேகு நானா துஆ ஓதினார். பண்டா முன்சக்கரத்தருகே சிறு விளக்கு ஒன்று ஏற்றினார். நான் என் பங்குக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். இத்தனை பேர் சிபாரிசு இருந்தும் வண்டி பல்லேபொலைக்கு அப்பால் ஒரு மேட்டில் நின்றுவிட்டது. புளியமர ஏற்றம் என்று பெயர். பார்த்தால் பெரிய மேடாகத் தெரியாது. ஆனால் முடிகிற இடத்தில் ஒரு செங்குத்து இருக்கிறது. ஆளில்லாமல் ஏறக்கூடிய வண்டி, ஆள் நிறைந்திருந்ததால் அந்த இடத்தில் இருமி இருமி நின்றது.

செல்லம்மாவை அப்போதுதான் முதலில் பார்த்தேன். மாத்தளை டவுனில் கருவாட்டுக் கடை வைத்திருந்தவள். சனிக்கிழமைதோறும் கலேவெலச் சந்தைக்குக் கருவாட்டு மூட்டையோடு போவாள். அன்றைக்கு உறவினர் வீட்டுக்குப் போக ஏறியிருந்தாள். இறங்கி நின்று, கரி அப்பியிருந்த என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க மேஸ்திரி, கரியில பஸ் ஓடும்னு சொன்னாங்க. இங்க பார்த்தா கரி மட்டும்தாங்க ஓடுது, ஒங்க மூஞ்சியில" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இறங்கி நடந்தார்கள். மேட்டு உச்சியில் மறுபடி ஏறிக்கொண்டார்கள். ஒருவர்கூடச் சேகு நானாவைக் குறை சொல்லவில்லை. எங்கள் ஊர் பஸ்ஸாக இருந்தால் டிக்கெட்டை டிரைவர் முகத்தில் எறிந்திருப்பார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. சோதனைக்கு இரண்டே நாள்தான் இருந்தது. அந்த இரண்டு நாளில் என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். வண்டி ஏறவில்லை.

வியாழக்கிழமை பண்டா என்னைத் தன் வீட்டுக்குப் பின்புறம் அழைத்துப் போனார். வாழைக்கடியில் சாக்கில் சுற்றிப் புதைத்திருந்த இரண்டு போத்தல் பெட்ரோலைக் காட்டினார். பெட்ரோலுக்குக் கூப்பன் முறை வருவதற்கு முன்னால் பதுக்கியது. டிரைவர் ஆசனத்துக்கு அடியில் போத்தல்களைக் கட்டினோம். அங்கிருந்து இஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயை மாட்டியவன் நானேதான். சேகு நானாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சம்மதிக்க மாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

துரை வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு வந்தார். சேகு நானாவுக்கு ஜும்மாத் தொழுகை. "நீங்க ஈக்கிறீங்க தானே மகன்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். அந்தக் கை பட்ட இடம் அன்று முழுக்க உறுத்தியது.

பாரத்துக்கு ஆள் தேடவே வேண்டியிருக்கவில்லை. வழக்கமாகப் போகிறவர்கள் எல்லாரும் தாங்களாகவே வந்து ஏறியிருந்தார்கள். செல்லம்மா மறுநாள் சந்தைக்கான மூட்டையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். "பாரம் வேணும்னாங்களே" என்றாள். துரை நடு ஆசனத்தில், அவளுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

புளியமர ஏற்றத்தின் செங்குத்தில் வண்டி இருமத் தொடங்கியது. பண்டா குனிந்து குழாயைத் திறந்தார். இஞ்சின் சீறிக்கொண்டு எழுந்தது. அதோடு பெட்ரோல் வாடையும் எழுந்தது. துரையின் தலை நிமிர்ந்தது. அதே நிமிஷம் செல்லம்மா மூட்டையின் வாயை அவிழ்த்துவிட்டாள். சுறாக் கருவாடு. துரை கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு திரைப்பக்கம் சாய்ந்தார். அவர் மறுபடி நிமிர்வதற்குள் நாங்கள் மேட்டு உச்சியில் இருந்தோம். பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை. நாற்பது பேரும் ரொம்ப அக்கறையாக வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாத்தளைக்குத் திரும்பியபோது தொழுகை முடிந்து சேகு நானா ஓடிவந்தார். வண்டி பாஸ் என்று துரை எழுதிய காகிதத்தைப் பார்த்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். துரை அவரிடம் இங்கிலீஷில் பேசியதைப் பட்டறை இங்கிலீஷ் தெரிந்த நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"இந்தத் தீவில் ஒரு சொட்டு பெட்ரோல் ஊறவில்லை. ஒவ்வொரு டின்னும் கப்பலில் வருகிறது. கப்பல்கள் ஆட்களோடு மூழ்கிக்கொண்டிருக்கின்றன. உங்கள் வண்டிக்கு இனிப் பெட்ரோல் தேவையில்லை. கூப்பன் புத்தகத்தைக் கொடுங்கள்."

என் வாயாலேயே அதைச் சொன்னேன். கஷ்ட காலத்துக்கென்று கொஞ்சமாவது கிடைத்துக்கொண்டிருந்த கூப்பன் அது. சேகு நானா சந்தோஷமாக மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "சொல்லுங்க மகன், எனக்கு வேணாம். என்ட வண்டி கரியில ஓடுது" என்றார். நானும் பண்டாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டில் வட்டலாப்பம் செய்து அனுப்பினார்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்தது. யுத்த காலத்தில் அத்தனை முட்டையை எங்கே தேடினார்களோ! கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சேகு நானாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் தொழுகையில நிண்ட நேரத்திலயா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா நானா."

"துரைகிட்டச் சொன்னா பஸ் போயிடும். சந்தைக்குப் போற சனமும் நடுரோட்டுல நிக்கும். சொல்லாட்டி அந்தப் பொய்யில ஓடுற பஸ்ஸுல நான் சோறு திங்கணும்."

நான் அழுதுவிட்டேன். அவர் எழுந்து எனக்குத் தண்ணீர் எடுத்து வந்தார். பிறகு சொன்னார்: "துரைட காகிதத்துல எழுதினது உண்மையாகணும். சந்தைப் பாரத்தோட, ஒருத்தரும் இறங்காம, கரியில மட்டும் ஒருதரம் அந்த மேடு ஏறினாப் போதும். ஏறினா நான் வாய் திறக்க மாட்டேன். ஏறாட்டி நானே போய்த் துரைகிட்டச் சொல்லுவேன். இது அல்லாஹ்வுக்கும் எனக்கும் உள்ள பேச்சு."

மறுநாள் சந்தைக்குப் போனவர்கள் மேட்டில் இறங்கித்தான் நடந்தார்கள். எனக்கு இருந்தது ஒரு வாரம். அடுத்த சனிக்கிழமைதான் கடைசி வாய்ப்பு, ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

அந்த வாரம் நான் வேலை செய்ததுபோல் அதற்கு முன்னும் பின்னும் செய்ததில்லை. சிரட்டைக் கரியைப் பாக்கு அளவுக்கு உடைத்துச் சலித்தேன். ஈரம் போக வெயிலில் காயவைத்தேன். குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் காற்று எங்கே கசிகிறதென்று பார்த்து அடைத்தேன். தும்பை இரண்டு தடவை மாற்றினேன். பண்டா பக்கத்திலேயே இருந்தார். மிச்சமிருந்த பெட்ரோலை அவரே கொண்டுவந்து, மாத்தளை ஆஸ்பத்திரி வண்டிக்குக் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது முகம் பல் பிடுங்கியவர் முகம்போல் இருந்தது.

சேகு நானா சொன்ன நிபந்தனை அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்களோ! பண்டாவைக் கேட்டால் மேலே பார்த்தார்.

சனிக்கிழமை காலையில் பஸ் பிதுங்கியது. உள்ளே வெற்றிலைக் கட்டு, கருவாடு, மண்சட்டி. மேலே பாய்க்கட்டு, கோழிக்கூடை. சேகு நானா முன்னால் பண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். புறப்படுவதற்கு முன் திரும்பி எல்லாரிடமும் கையெடுத்துக் கும்பிடுவதுபோல் சொன்னார்: "இன்னைக்கு மட்டும் மேட்டுல யாரும் இறங்க வேணாம். நிண்டா நிக்கட்டும். எனக்காக இத மட்டும் செய்ங்க."

"நாங்க ஏன் எறங்கப் போறோம்? நல்லாக் குந்தியிருக்கோமுங்க முதலாளி" என்றாள் செல்லம்மா.

நான் பின்வாசல் படியில், உருளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். பல்லேபொல தாண்டியதும் பேச்சு குறைந்தது. ஏற்றம் தொடங்கியபோது கோழிகள் மட்டும்தான் சத்தம் போட்டன. வண்டி நன்றாகத்தான் ஏறியது. முன்பு நின்ற இடத்தையும் தாண்டியது. ஏறிவிடும் என்று நினைத்தேன். உச்சிக்கு இன்னும் முப்பது அடி இருக்கும். இஞ்சின் தளர்ந்தது. மனிதன் நடக்கும் வேகம், பிறகு குழந்தை நடக்கும் வேகம். முன்னால் சேகு நானா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கையில் தஸ்பீஹ் ஜெபமணி ஓடிக்கொண்டிருந்தது.

யாரோ என் தோளைப் பிடித்தார்கள். செல்லம்மா. ஒரு விரலை உதட்டில் வைத்துக்காட்டிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓடும் வண்டியிலிருந்து சத்தமில்லாமல் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மண்சட்டிக்காரர். அவருக்குப் பின்னால் தொப்பி போட்ட இரண்டு வியாபாரிகள், வெற்றிலைக்காரர், புகையிலை மென்றுகொண்டே ஒரு சிங்களக் கிழவர். ஒவ்வொருவராக, பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களைப்போல் அவ்வளவு பதவிசாக இறங்கினார்கள். ஒருவரும் பேசவில்லை. இறங்கியவர்கள் புகைக்குள் நின்று பஸ்ஸின் முதுகில் கை வைத்தார்கள். முன் வரிசையில் இருந்தவர்கள் மட்டும் அசையாமல் உட்கார்ந்து, இடம் காலியானது தெரியாதபடி பரந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

நானும் இறங்கினேன். என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. சூடான பலகையில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். என் இடது பக்கம் செல்லம்மா, வலது பக்கம் அந்தக் கிழவர். எல்லாருடைய மூச்சும் எனக்குக் கேட்டது. பண்டாவின் கண்ணாடியில் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அவர் திரும்பவே இல்லை. இஞ்சினை மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமாக உறுமவிட்டார்.

வண்டி உச்சியைத் தொட்டது. மறுபக்கம் சரிவு தொடங்குவதற்குள் பின்வாசல் வழியாக ஒருவரையொருவர் இழுத்து ஏற்றிவிட்டோம். கடைசியாக என்னை அந்தச் சிங்களக் கிழவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிப் போட்டார். எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினார்கள்.

சேகு நானா கண்ணைத் திறந்தார். முன்னால் கலேவெலப் பக்கத்து வயல்கள் கீழே விரிந்துகிடந்தன. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். தாடியெல்லாம் நனைந்திருந்தது. எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தரும் இறங்கல்ல தானே?"

"ஒருத்தருமே எறங்கலைங்க முதலாளி" என்றாள் செல்லம்மா, கரி படிந்த உள்ளங்கைகளை மடிக்குள் சுருட்டிக்கொண்டு.

அவர் பார்வை அவளைத் தாண்டி என்னிடம் வந்தது. "மகன், நீங்க சொல்லுங்க. கரியில மட்டும்தானா ஏறினது?"

அந்த மனிதரிடம் இனி ஒரு பொய்யும் சொல்லக் கூடாது என்று ஏழு நாளாக எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டிருந்தேன். நாற்பது முகங்கள் என்னைப் பார்த்தன.

"கரியில மட்டும்தான் நானா" என்றேன்.